ஐந்தாம் மாடிக் கதவை உங்கள் அம்மா தட்டிய நாள்

கதிருக்கும் நித்யாவுக்கும், இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அம்மா போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. நினைவு மலர் போட வேண்டும், அதில் அப்பா ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று நீங்கள் இருவரும் சொன்னபோது, நான் பத்தாவது வரை படித்தவன், பள்ளிக்கூட பஸ் ஓட்டிப் பிழைத்தவன், எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றுதான் சொன்னேன். பிறகு, கதிர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு நான் பதில் சொல்லாமல் எழுந்து போனது ஞாபகம் வந்தது. அந்தப் பதிலையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அது உங்கள் அம்மாவைப் பற்றிய கதைதான்.

காரியம் முடிந்த மறுநாள் அறந்தாங்கி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் சித்தப்பா மகன் செந்தில் கதிரிடம் கேட்டான்.

"ஏண்ணே, அமெரிக்காவுல கருப்பு வெள்ளைன்னு இன்னமும் பாக்குறாங்களா?"

"அதெல்லாம் பழைய கதைடா. அவங்க ஆளே ஜனாதிபதியா இருந்துட்டுப் போயாச்சு. வேலை தெரிஞ்சாப் போதும், எவன் என்ன கலருன்னு அங்க யாரும் கேக்குறதில்ல."

நித்யா இலையிலிருந்து நிமிர்ந்தாள். "நீ எந்த அமெரிக்காவுல இருக்க?"

"நான் அங்கேயே இருக்கேன். நீ துபாயில உக்காந்து போன்ல பாக்குற. யாருக்குத் தெரியும்?"

"போன்ல பாக்கல. நம்ம வீட்டுலயே பாத்தேன்."

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. பரிமாறுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். கதிர் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றான். நான் மோர் கேட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். துக்க வீட்டில் எதைச் சொல்வது என்றிருந்தது. இப்போது சொல்கிறேன்.

உங்கள் அம்மா பிறந்தது அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். மூன்று பெண்களில் கடைசி. மூத்தவர்கள் இருவரும் நல்ல நிறம், உங்கள் அம்மா மட்டும் கருப்பு. வீட்டில் எல்லோரும் "கருப்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லமாகத்தான் கூப்பிட்டார்கள் என்று உங்கள் பெரியம்மாக்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் பெண் பார்க்க வந்த முதல் இடம் காப்பி குடித்துவிட்டு, "பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது. இரண்டாவது இடம் அதையும் சொல்லாமல் போனது. மூன்றாவதாகப் போனவன் நான். நானும் நல்ல கருப்பு என்பதால் என் பக்கத்தில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்தது, முடித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் ஷார்ஜாவில் லேபர் கேம்ப்பில், அவர் ஊரில் என் தாயாரோடு. லீவுக்கு லீவு பார்த்துக்கொண்ட வாழ்க்கை. அந்த வருஷங்களில் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தார். கதிர் என் தாயாரின் சிவந்த நிறத்தைக் கொண்டு பிறந்தான். நித்யா அம்மாவின் நிறம். பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவராக இருந்த என்னைப் போக்குவரத்துப் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஆக்கிய பிறகுதான் குடும்ப விசா எடுக்க முடிந்தது. வாடகை கொஞ்சம் குறைவு என்பதால் அஜ்மானில் வீடு பிடித்தோம். ஒரு ஹால், ஒரு ரூம். காலையில் நான் இருட்டோடு கிளம்பி ஷார்ஜாவுக்குப் போவேன்.

உங்கள் அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். மலையாளத்துக் குழந்தை, பாகிஸ்தான் குழந்தை, நம்ம தஞ்சாவூர்க் குழந்தை என்று ஹாலில் எந்நேரமும் நாலைந்து தவழ்ந்துகொண்டிருக்கும். தமிழும், அரைகுறை இந்தியும், கையில் எண்ணிவிடக்கூடிய ஆங்கிலச் சொற்களுமாக எல்லாத் தாய்மார்களிடமும் பேசிவிடுவார். "பேபி குட். மில்க் ஃபினிஷ். பாட்டி கலாஸ்." இதிலேயே முழு நாளின் கணக்கும் சொல்லிவிடுவார். கலாஸ் என்றால் அரபியில் முடிந்தது, பாட்டி என்றால் குழந்தை வெளிக்குப் போவது. அதை நித்யாதான் சொல்லிக்கொடுத்தாள். கேட்டுக் கதிர் விழுந்து விழுந்து சிரிப்பான்.

டெனிஸ் எங்கள் பள்ளிக்கு வந்த அமெரிக்க டீச்சர். அந்த நாட்டுக் கருப்பினப் பெண். அவர் கணவர் ஓமானில் சோஹார் துறைமுகத்தில் எஞ்சினியர், வாரக் கடைசியில் எல்லை தாண்டி வந்து போவார். நம் கட்டடத்திலேயே ஐந்தாம் மாடியில் குடியிருந்தார்கள். நம் வீடு இரண்டாம் மாடி. பிள்ளை பார்க்க ஆள் வேண்டும் என்று பஸ்ஸில் ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். குழந்தையின் பெயர் நவோமி. உங்கள் அம்மா கையில் வாங்கிய அன்றைக்கே "நவமணி" ஆக்கிவிட்டார்.

அந்தக் குழந்தை மேல் அவருக்கு இருந்த பிரியம் உங்களுக்கே தெரியும். மற்றக் குழந்தைகள் ஒரு கண் என்றால் நவமணி ஒரு கண். வந்த மாதத்திலேயே தஞ்சாவூர்க் குழந்தையின் தாய் ஒருநாள் கதவோரம் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அந்த நீக்ரோ பாப்பாவ எங்க பாப்பா கூட ஒரே பாய்ல படுக்க வைக்காதீங்க."

"ஏம்மா?"

"இல்லக்கா, அவங்கல்லாம் ஒரு மாதிரி…"

"பாய் சின்னதுதாம்மா. உங்க பாப்பா உங்க வீட்டுலயே காலை நீட்டிப் படுத்துக்கட்டும். நாளையிலேருந்து கூட்டிட்டு வராதீங்க."

அந்தப் பெண் முகம் செத்துப் போய்விட்டது. நான் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கும் பெருமைதான். "நம்மளே கருப்பு, நமக்கு எதுக்குங்க அந்தப் புத்தி?" என்று சொல்லிக்கொண்டே பால் ஆற்றினார். அந்த விஷயத்தை நாம் தாண்டி வந்துவிட்டோம் என்று அன்றைக்கு நாங்கள் இருவரும் மனதார நம்பினோம். இதைக் கதிர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

லீவுக்கு ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் உங்கள் அம்மா ஒரு டப்பா நலங்கு மாவு கொண்டுவருவார். பயத்தம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து அரைத்தது. அவருக்கு அவர் தாயார் தேய்த்தது. நித்யாவுக்கு அவர் வெள்ளிக்கிழமை தோறும் தேய்த்தது. எந்த வீட்டில்தான் இல்லை? பிள்ளைக்குத் தோல் பட்டுப்போல இருக்கும், நிறமும் கொஞ்சம் தெளியும் என்பார்கள்.

ஒருநாள் பள்ளி சீக்கிரம் விட்டதால் டெனிஸ் நேரத்தோடு வந்துவிட்டார். நான்தான் வண்டியில் கூட்டிவந்தேன். கதவு திறந்திருந்தது. உங்கள் அம்மா குளியலறையில் டப்பில் நவமணியை உட்காரவைத்து, முகம், கழுத்து, கை என்று மஞ்சளாக மாவு பூசித் தேய்த்துக்கொண்டிருந்தார். குழந்தை தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

டெனிஸ் இது என்ன என்று கேட்டார்.

"குட் பவுடர், டெனிசு. ஸ்கின் குட். ஸ்லோலி ஸ்லோலி கலர் கம்மிங்." சொல்லிவிட்டு நவமணியின் கன்னத்தைப் பிடித்துக் காட்டினார். "லுக், லிட்டில் ஃபேர். பிஃபோர் மோர் பிளாக்."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். அதை நான் பார்த்தேன்.

டெனிஸ் தன் தோளில் கிடந்த துணியை எடுத்து, குழந்தையை ஈரத்தோடும் மாவோடும் அப்படியே சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறும் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா மாவுக் கையோடு நின்றார். "என்னங்க ஆச்சு? பாப்பா கண்ணுல பட்டுடுச்சா?"

மறுநாள் நவமணி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. டெனிஸ் பஸ்ஸில் ஏறினால் எனக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். குழந்தையை அமெரிக்காவுக்கு அவருடைய தாயாரிடம் அனுப்பிவிடப் போகிறார்கள் என்று பள்ளியில் கேள்விப்பட்டு வந்து வீட்டில் சொன்னேன். உங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஹாலில் மற்றக் குழந்தைகள் இருந்தும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பெத்த புள்ளை மாதிரிதானேங்க பாத்தேன். அந்தப் பாய்க்காரிய வெரட்டுனது நான். எனக்கா நிறம் பாக்கத் தெரியும்? என்ன தப்புப் பண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போயிருக்கலாம்ல?"

நித்யா அப்போது ஒன்பதாம் வகுப்பு. பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்தாள்.

"என்ன தப்புன்னு நான் சொல்லவாம்மா?"

"சொல்லு."

"அந்தப் பாப்பா இப்ப இருக்கறது நல்லா இல்லைன்னு நீ அவங்க அம்மாகிட்டயே சொல்லிட்ட."

"நான் எப்படீ அப்படிச் சொன்னேன்? அது நலங்கு மாவுடி. உனக்குந்தான் தேய்ச்சேன்."

"ஆமா. எனக்குந்தான் சொன்ன. வாரா வாரம் சொன்ன. அண்ணனுக்கு ஒருநாளாச்சும் தேய்ச்சியா? நான் அழுதா, கண்ணுல பட்டுடுச்சான்னு கேப்ப. கண்ணுல படலம்மா."

கதிர், நீயும் அங்கேதான் இருந்தாய். "இதுக்குப் போய் இவ்வளவு சீனா?" என்று கேட்டுவிட்டுக் கிரிக்கெட் விளையாடக் கீழே போய்விட்டாய். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் முகத்தில் அந்த மாவு ஏறியதே இல்லை. அதனால் நம் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது என்பதே உனக்குத் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே சோறு. நித்யாவுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் அதெல்லாம் முடிந்துவிட்டது என்று நீ சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. முடிந்துவிட்டதா என்பதை யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மறுநாள் சாயந்திரம் உங்கள் அம்மா முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டார். நித்யாவிடம், "வா, நான் சொல்றதை அப்படியே அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது" என்றார். நானும் பின்னால் போனேன். லிஃப்ட் வேண்டாம் என்று படியிலேயே ஏறினார். ஐந்தாம் மாடியில் மூச்சு வாங்க நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தட்டினார்.

டெனிஸ் திறந்தார். உள்ளே கூப்பிடத் தயங்கியது தெரிந்தது. பிறகு வழிவிட்டார். பின்னால் ஹாலில் நவமணி உங்கள் அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டியது. உங்கள் அம்மா அசையவில்லை. டெனிஸ் சொல்லாமல் பிள்ளையைத் தொடுவதில்லை என்று முடிவோடு வந்திருந்தார்.

டெனிஸ்தான் முதலில் பேசினார். நித்யா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நவோமி மேல எவ்வளவு பிரியமா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் தாங்க முடியல. வெறுக்கிறவங்க யாராச்சும் செஞ்சிருந்தா, என்ன பண்ணணும்னு எங்க வீட்டுல சின்ன வயசுலேயே சொல்லிக் குடுத்திருக்காங்க. பிரியமா இருக்கிறவங்க செஞ்சா என்ன பண்ணணும்னு சொல்லித் தரல."

பிறகு அவர் தன் தாயார் வீட்டைப் பற்றிச் சொன்னார். அந்த ஊரில் வீட்டை விற்பதற்கு முன்னால் ஒரு ஆள் வந்து பார்த்து மதிப்புப் போடுவாராம். வந்த ஆள் ரொம்பக் குறைத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் தாயார் யோசித்தார். சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படங்கள் அத்தனையையும் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். தன்னோடு வேலைபார்த்த வெள்ளைக்காரத் தோழியை வரச் சொல்லி, மதிப்புப் போட வேறொரு ஆள் வந்தபோது அந்தத் தோழியையே கதவைத் திறக்கச் சொன்னார். அதே வீடு, அதே கூரை. மதிப்பு கூடிவிட்டது. வீட்டுக்காரி பக்கத்துத் தெருவில் காருக்குள் உட்கார்ந்திருந்தாராம்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு எங்க நாட்டுல சொல்றாங்க. சட்டத்துல முடிஞ்சிடுச்சு, அது உண்மை. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு எங்க பாட்டி காலத்துல இருந்த போர்டுங்க இப்ப இல்ல. நானே டீச்சர் ஆயிட்டேன். ஆனா எங்க அம்மா போட்டோவ ஒளிச்சு வச்சது பாட்டி காலத்துல இல்ல, நான் காலேஜ் முடிச்ச வருஷம். இங்க வந்தா எல்லாரும் என் பாஸ்போர்ட்டத்தான் பாப்பாங்கன்னு நெனச்சேன். ஸ்கூல்ல அமெரிக்கன் டீச்சர் வர்றாங்கன்னு பேரன்ட்ஸுக்கெல்லாம் சொல்லியிருந்தாங்க. மொத நாள் ஒருத்தர் கிளாஸுக்கு வந்து, என் முன்னாடியே நின்னுக்கிட்டு, அமெரிக்கன் டீச்சர் எப்ப வருவாங்கன்னு என்கிட்டயே கேட்டாரு."

இதைச் சொல்லும்போது டெனிஸ் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவர் நம் இந்தியர் என்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்குப் பள்ளி வாசலில் நின்றிருந்தேன்.

"கீழ் வீட்டுல மட்டும் அது இல்லைன்னு நெனச்சேன், ஆன்ட்டி."

உங்கள் அம்மா தலையை நிமிர்த்தி டெனிஸைப் பார்த்துப் பேசினார். ஒவ்வொரு வார்த்தையாக, நித்யா சொல்வதற்கு இடம்விட்டுப் பேசினார்.

"எனக்கு எங்கம்மா தேய்ச்சாங்க."

நித்யா சொன்னாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் தேய்ச்சாங்க. நானும் நல்லதுன்னு நெனச்சுத்தான் தேய்ச்சேன்."

நித்யா சொன்னாள்.

"என் புள்ளைக்குச் செஞ்சதத்தான் உன் புள்ளைக்கும் செஞ்சேன். ரெண்டு பேருக்கும் தப்பாச் செஞ்சுட்டேன். என் புள்ள எதுக்கு அழுதான்னு எனக்கு நேத்துதான் தெரியும். அவ என்னை மன்னிச்சாப் போதும், அப்பறம் நீ மன்னிச்சாப் போதும்."

நித்யா வாயைத் திறந்தாள். வரவில்லை. டெனிஸ் அவளையும் உங்கள் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிவந்த பிள்ளை, அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியாமல் நின்றது. டெனிஸுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் நித்யாவின் தோளில் கை வைத்து, "இட்ஸ் ஓகே, ஐ காட் இட்" என்றார். எனக்கே அந்த ஆங்கிலம் புரிந்தது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். டெனிஸ், "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். உங்கள் அம்மா சரி என்று கிளம்பினார். நவமணி அழுதது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தார். வந்ததும் டப்பாவைத் திறந்து மாவைக் குப்பையில் கொட்டினார். கொட்டிவிட்டு நித்யாவைக் கூப்பிட்டுத் தலை வாரிவிட்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேசினார்களா என்பதும் தெரியாது.

வாரங்கள் போயின. டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். உங்கள் அம்மா மேலே ஏறவும் இல்லை, என்னைத் தூதுபோகச் சொல்லவும் இல்லை. "அவ புள்ள, அவ முடிவு. நம்மள நம்புன்னு நாம எப்படிக் கேக்குறது?" என்பார். பிறகு ஒருநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். டெனிஸ் ஒரு கையில் நவமணி, இன்னொரு கையில் ஒரு சீப்பும் எண்ணெய்ப் புட்டியும். அந்தத் தலைமுடியை எப்படிச் சிக்கெடுப்பது, எப்படி வகிடு வகிடாகப் பிரித்துப் பின்னுவது என்று தரையில் உட்கார்ந்து உங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் அம்மா முதலில் போட்ட பின்னலைப் பார்த்து இருவரும் சிரித்த சிரிப்பில் மற்றக் குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. "யம்மா, இது வலை பின்றதவிட கஷ்டம்டி" என்றார். நாளாக நாளாக டெனிஸே, "நான் பின்றதவிட ஆன்ட்டி பின்றது நல்லா இருக்கு" என்று சொல்லும்படி ஆனது.

நவமணி பள்ளிக்கூடம் போகும் வயதில் அவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகும் உங்கள் அம்மாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் வரும்.

இனி கதிருக்கு. அமெரிக்காவில் நீ வீடு வாங்கிய சமயம் உனக்கு ஞாபகம் இருக்கும். வீடியோவில் உங்கள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டு வீடு பாத்தோம்மா. ஒண்ணு நல்லாப் பெருசு. ஆனா நம்ம ஆளுங்க எல்லாரும் அந்தப் பக்கம் வாங்காதன்னு சொல்றாங்க."

"ஏன்டா, தண்ணி வராதா?"

"தண்ணியெல்லாம் வரும்மா. அது அவங்க ஏரியா. பின்னாடி வித்தா விலை போகாது."

"அவங்கன்னா?"

"அதான்மா… அவங்க."

"நம்ம டெனிசு மாதிரி ஆளுங்களா?"

"டெனிஸ் ஆன்ட்டி வேற மா."

"எப்படிடா வேற?"

நீ பேச்சை மாற்றினாய். உங்கள் அம்மாவும் விட்டுவிட்டார். மற்ற வீட்டைத்தான் வாங்கினாய். நீ கெட்டவன் இல்லை, கதிர். யாரையும் வெறுக்கிறவனும் இல்லை. உழைத்த காசு வீணாகிவிடக் கூடாது என்ற பயம் உனக்கு. உனக்கு முன்னால் வாங்கியவனுக்கும் அதே பயம், உனக்குப் பிறகு வாங்குகிறவனுக்கும் அதே பயம். டெனிஸின் தாயார் வீட்டுக்கு ஏன் விலை குறைந்தது என்பது எனக்கு அந்த போனுக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

அமெரிக்கா நிறத்தைத் தாண்டிவிட்டதா என்று கேட்டாய். நிறைய தூரம் வந்திருக்கிறது என்று டெனிஸே சொன்னார். அதை மறுக்க நான் யார்? ஆனால் பாய்க்காரியை வீட்டைவிட்டு அனுப்பிய அன்றைக்கு உங்கள் அம்மா இருந்த இடத்தில்தான் அந்த நாடு இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே தெரிகிற கெட்டதை விரட்டியாயிற்று, தாண்டிவிட்டோம் என்று நெஞ்சார நம்பியாயிற்று. குளியலறையில் டப்பா அப்படியே இருக்கிறது. அந்த நாட்டை மட்டும் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? பெயரைச் சொன்னதும் எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றி விசாரித்து, அது தெரிந்த பிறகு ரூமில் இடம் இல்லை என்று சொல்லும் நம் ஆட்கள் இந்த அஜ்மானிலும் இருக்கிறார்கள். நீ இப்போது அந்த நாட்டுக்காரன். உன் மகள் அங்கே பிறந்தவள். நாளைக்கு அவள் ஏதாவது சொல்லி அழுதால், கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டுவிடாதே. என்ன என்று கேள்.

உன் மகள் பிறந்த அன்று சொந்தக்காரர்கள் போன் போட்டு, "பாப்பா கலரா இருக்கா?" என்று கேட்டார்கள். உங்கள் அம்மா அப்போது டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான். "பால் நல்லாக் குடிக்குதா?"

அந்த நோய் அவரை மெல்ல மெல்லத்தான் எடுத்தது. ஊசி குத்திக் குத்திக் கை வீங்கியிருக்கும். வலி என்று சொல்லமாட்டார். கடைசி வாரம் நீங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தீர்கள். அது அவருக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாரம் மூன்று தடவை தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்காத பக்கத்து வீட்டு மலையாள நண்பர், காகிதவேலை முடிந்து உடல் ஊர் வந்து சேரும்வரை என்னோடு அலைந்த நம் ஊர்ப் பையன்கள், கண்ணீரோடு படியிறங்கி வந்து நின்ற கட்டடத்துக் காவலாளி பாய், அறந்தாங்கியில் எல்லாவற்றையும் முன்நின்று செய்த என் தம்பி குடும்பம், செய்தி கேட்டு அமெரிக்காவிலிருந்து போனில் பேச முடியாமல் அழுத டெனிஸ், தலைமுடியைத் தானே பின்னிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்ட நவோமி, எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது.

கடைசியாக ஒரு விஷயம். இந்த மலரின் அட்டைக்குக் கொடுத்திருந்த படத்தைப் பார்க்க பர் துபாயில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் நம் தென்காசிப் பக்கத்துக்காரர். செய்து வைத்திருந்ததைக் கம்ப்யூட்டரில் காட்டினார். உங்கள் அம்மாவின் கண், உங்கள் அம்மாவின் மூக்குத்தி. முகம் மட்டும் கோதுமை மாவு நிறத்தில் இருந்தது.

"இது யாரு தம்பி?"

"என்ன அண்ணாச்சி, நீங்க குடுத்த படந்தான். எல்லாருக்கும் இப்படித்தான் செய்யுதோம். கொஞ்சம் வெளுப்பா இருந்தாத்தான் அச்சுல எடுப்பா இருக்கும்."

"பழையபடி ஆக்குங்க."

"கருப்பா விழும் அண்ணாச்சி. அப்புறம் சொந்தக்காரங்க என்னையத்தான் ஏசுவாங்க."

"என்னைய ஏசச் சொல்லுங்க. நீங்க ஆக்குங்க."

அவர் கொஞ்சம் இறக்கினார். "போதுமா?"

"இன்னும்."

இன்னும் இறக்கினார். நெற்றி வந்தது, கன்னம் வந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் உங்கள் அம்மா என்னைப் பார்த்தார்.

"இங்க நிறுத்துங்க தம்பி" என்றேன்.

அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

இப்படிக்கு,
உங்கள் அப்பா
அஜ்மான்